அரக்கு மாளிகை ஆகாதிருக்க: மரத்தரைக்கு மெருகு பூசும் முறை

வீட்டின் உறுப்புகளுள் மிகுந்த பொறுமையுடையது தரையே என்று கூறினால் அது மிகையாகாது. சுவர் நம் தோள் படாமல் ஒதுங்கி நிற்கின்றது. கூரை நம் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. தரை ஒன்றே காலை முதல் இரவு வரை நம் காலடியிற் கிடந்து மிதிபடுகின்றது. கதிரை இழுபடுவதும், குழந்தை தேநீரைக் கவிழ்ப்பதும், மழையில் நனைந்து வந்தவரின் பாதம் பதிவதும் அதன் மீதே. சீமெந்தும் கல்லும் இவற்றை எளிதிற் தாங்கிக்கொள்ளும். மரத்தாலான தரையோ, தன்னைக் காக்கும் ஒரு மேலாடையை நம்மிடம் வேண்டி நிற்கின்றது.

நம் நாட்டில் மரத்தரை எங்கே இருக்கின்றது என்று சிலர் வினவலாம். மலைநாட்டின் பழைய பங்களாக்களிலும், கொழும்பு, கண்டி முதலிய நகரங்களிற் பழைய கட்டடங்களின் மேன்மாடிகளிலும், பாடசாலை மண்டபங்களின் மேடைகளிலும், நடனம் பயிலும் கூடங்களிலும் அதனை இன்றும் காணலாம். அத்தகைய தரைகள் பல, வண்ணமும் மெழுகும் தேய்ந்து, வெறும் பலகையாகக் கிடக்கின்றன. அவற்றைத் தேய்த்துத் துப்புரவாக்கி, மரத்தின் ரேகை வெளித்தெரியும் வண்ணம் நிறமற்ற மெருகு பூச விரும்புவோர் பலர். இவ்வேலை பார்வைக்கு எளிது. ஒரு தூரிகையும் ஒரு பேணி மெருகும் போதும் போலத் தோன்றும். ஆயினும் மெருகின் நோக்கம் பளபளப்பன்று, பாதுகாப்பே என்பதை மறந்து இதனைத் தொடங்கினால், தரையும் கெடும்; சில வேளைகளில் வீடும் உயிரும் கூட ஆபத்துக்குள்ளாகும். ஆகவே இதன் காரணகாரியங்களைச் சற்று விரிவாக நோக்குவோம்.

மரம் கவசத்தை வேண்டுவது ஏன்?

அறுத்த பலகையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், நெருக்கமாகக் கட்டிய நுண்ணிய குழாய்களின் கற்றை போல அது காட்சியளிக்கும். மரம் உயிருடன் நின்ற காலத்தில் வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசென்ற வழிகள் இவை. மரம் வீழ்த்தப்பட்டுப் பலகையான பின்னரும் இக்குழாய்கள் நீரை வரவேற்கும் குணத்தை விட்டுவிடுவதில்லை. மாரி காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பலகை பருக்கின்றது. கோடையில் அந்த ஈரத்தை வெளிவிட்டுச் சுருங்குகின்றது. இப்பருத்தலும் சுருங்குதலும் பலகையின் அகலப் போக்கிலேயே பெரிதும் நிகழும். நீளப் போக்கில் அற்பமே. மழை நாளிற் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதும், வரட்சிக் காலத்தில் அவற்றிடையே இடைவெளி தோன்றுவதும் இக்காரணத்தினாலேயாகும்.

மெருகு பூசினால் இந்த ஈரப் போக்குவரத்து முற்றாக நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு. மெருகு அதனை மெதுவாக்கும், அவ்வளவே. ஆனால் மேலே சிந்திய தேநீரும் எண்ணெயும் உள்ளே இறங்குமுன் துடைத்தெடுப்பதற்குப் போதிய அவகாசத்தை அது நமக்குத் தருகின்றது. அத்துடன் காலடி மணலின் உராய்வைத் தானே ஏற்றுக்கொண்டு, மரத்தைத் தேயாமற் காக்கின்றது. மெருகு தேய்ந்தால் மீண்டும் பூசலாம். மரம் தேய்ந்தால் மீண்டும் வளர்க்க முடியுமா?

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தரையின் கீழிருந்து ஏறும் ஈரத்தையும், கறையானையும் மெருகு தடுக்காது. கூரை ஒழுக்கும், சுவரிற் குழாய்க் கசிவும், பலகையின் அடியிற் கறையான் புற்றும் இருக்குமாயின், முதலில் அவற்றைத் தீர்த்த பின்னரே மெருகைப் பற்றி எண்ண வேண்டும். நோயை உள்ளே வைத்துக்கொண்டு மேலே பட்டுச் சால்வை போர்த்துவதாற் பயனில்லை.

நால்வகை மெருகு

மரத்தரைக்குப் பூசும் நிறமற்ற மெருகுகளை நான்கு குடும்பங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, உலரும் எண்ணெய்கள். ஆளிவிதையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் இவற்றுட் பழமையானது. இது மரத்தின் மேற்பரப்பில் ஏடாகப் படியாமல், உள்ளே ஊறி அங்கே கெட்டியாகின்றது. தோற்றம் இயற்கையாக இருக்கும். கீறல் விழுந்தால் அவ்விடத்தில் மாத்திரம் மீண்டும் பூசிக்கொள்ளலாம். ஆனால் நீரையும் தேய்வையும் தாங்கும் வலிமை குறைவு. அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் கூட்டமாக வாழும் ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்காகும். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலம் இதற்குப் பெயர் பெற்றது. துப்புரவாக்கிய அரக்கை அற்ககோலிற் கரைத்துப் பூசினால், அற்ககோல் ஆவியாகிப் போக, அரக்கு மெல்லிய ஏடாக எஞ்சும். நம் தாத்தாமார் பெட்டியிசை கேட்ட 78 சுழற்சி இசைத்தட்டுகளும் இந்த அரக்கைக் கொண்டு செய்யப்பட்டவையே. அரக்கு மெருகு விரைவில் உலரும். அழகிய பொன்னிறம் தரும். ஆயினும் தேங்கிய நீர் அதன் மேல் வெண்ணிறத் தழும்பை உண்டாக்கும். சூடான பாத்திரம் அதனை இளக்கும். மதுசாரம் பட்டாற் கரைந்தே போகும். ஆதலால் அலுமாரிக்கும் மேசைக்கும் அது சிறந்தது. நடமாட்டம் மிகுந்த தரைக்கு ஏற்றதன்று.

மூன்றாவது, எண்ணெய் வார்னிஷ். உலரும் எண்ணெயையும் பிசினையும் சேர்த்துக் காய்ச்சி, டர்ப்பன்டைன் போன்ற திரவத்தால் இளக்கி ஆக்குவது இது. பழைய பங்களாத் தரைகள் பலவற்றில் நாம் காணும் தேன் நிறம் இதனாலேயே வந்தது.

நான்காவது, பொலியூரித்தேன். 1937 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லெவர்குசன் நகரில் ஒட்டோ பேயர் என்னும் இரசாயன அறிஞரும் அவருடன் உழைத்தோரும் கண்ட பல்பகுதியம் இது. நுரைமெத்தையாகவும், பாதணியின் அடியாகவும், தரை மெருகாகவும் அதன் பல வடிவங்கள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. தரைக்கு உரியது இரு வகைப்படும். எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது மெதுவாக உலரும், மணம் கடுமையானது, நாளடைவில் மஞ்சள் சாயல் பெறும். நீரை அடிப்படையாகக் கொண்டது பேணியிற் பாலைப்போல வெண்மையாக இருந்தாலும், உலர்ந்தபின் தெளிந்த கண்ணாடியாகும்; மணமும் எரியும் ஆபத்தும் வெகு குறைவு; ஒரே நாளில் இரண்டு பூச்சும் பூசலாம். குழந்தைகளும் முதியோரும் வாழும் வீட்டுக்கு நீர்வகையே பெரிதும் பொருத்தம் என்பது என் கருத்து. அதிலும் பளபளப்பு மிகுந்ததை விடுத்து, மங்கிய ஒளியுடையதைத் தெரிந்தெடுப்பது நலம். கீறலும் தூசும் அதில் அவ்வளவாகத் தோன்றா.

இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் வகையும் உண்டு. அது மிக வலிமை வாய்ந்தது. ஆனால் அதிற் சேரும் ஐசோசயனேற்று என்னும் பொருளின் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. அதனைத் தகுந்த சுவாசக் கருவியுடைய தொழிலாளரிடம் விட்டுவிடுதலே முறை.

தேங்காயெண்ணெய் ஏன் உதவாது?

"ஆளிவிதை எண்ணெய்க்கு எங்கே போவது? வீட்டில் தேங்காயெண்ணெய் இருக்கின்றதே. அதைப் பூசினால் என்ன?" என்று கேட்போர் உண்டு. பூசிய அன்று பலகை அழகாக இருக்கும் என்பது மெய்யே. ஆனால் அந்த எண்ணெய் ஒருபோதும் உலராது.

இதன் காரணம் இரசாயனம் பயிலும் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். ஆளிவிதை எண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் பல உள்ளன. காற்றிலுள்ள ஒட்சிசன் அவ்விடங்களிற் புகுந்து, ஒரு மூலக்கூறை மற்றொன்றுடன் கோத்துவிடுகின்றது. இவ்வாறு கோர்வை பெருகப் பெருக, ஓடும் எண்ணெய் மீன்வலை போலப் பின்னிக்கொண்டு கெட்டியாகின்றது. தேங்காயெண்ணெயிற் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பமிலங்களால் ஆனது. அங்கே ஒட்சிசன் பற்றிக்கொள்ள இடமில்லை. ஆகவே அது பிசுபிசுப்பாகவே கிடந்து, தூசைத் திரட்டிக் கருத்து, ஈற்றிற் சிக்கு மணம் வீசும். அதன் மேல் எந்த மெருகும் ஒட்டாது. மெழுகுத் தைலம் பூசி, பொச்சுமட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரைக்கும் இதே கதிதான். மெழுகை முற்றாக நீக்கிய பின்னரே பொலியூரித்தேன் பூசலாம்.

பூசுமுன் செய்ய வேண்டியவை

மெருகு பூசும் வேலையில் முக்காற் பங்கு தூரிகையைத் தொடுமுன்னரே முடிந்துவிடுகின்றது. பலகைகள் ஆடுகின்றனவா என்று ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்க வேண்டும். வெளியே நிற்கும் ஆணித் தலைகளை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இறக்கி, அக்குழிகளை மரத்தூள் கலந்த பசையால் நிரப்ப வேண்டும்.

அடுத்தது தேய்த்தல். பழைய தரையைப் பருமணல் ஒட்டிய அரத்தாளாலே தொடங்கி, படிப்படியாக நுண்ணிய தாளுக்கு வர வேண்டும். 40 ஆம் இலக்கத்திலிருந்து 60, 80, பின்னர் 100 அல்லது 120 என்பது பொதுவான வரிசை. இலக்கம் உயர உயர மணல் நுண்மையாகும். இடையில் ஒரு படியைத் தாண்டினால், முன்னைய தாளின் கீறல் மறையாது நிற்கும். அக்கீறல் வெறும் மரத்திற் கண்ணுக்குப் புலப்படாது. மெருகு பூசியதும் கோடு கோடாக எழுந்து காட்சி தரும். எப்போதும் மரத்தின் ரேகை செல்லும் போக்கிலேயே தேய்த்தல் வேண்டும்.

மரத்தூளை அற்பமாக எண்ணலாகாது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்திருக்கின்றது. தேய்ப்பவர் தூசைத் தடுக்கும் முகக்கவசம் அணிவது அவசியம். பலகையில் மிகப் பழைய வண்ணப்பூச்சு இருப்பின், அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அத்தகைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்குவது, சிறப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், பெருந்தீங்காகும்.

தேய்த்த பின் தூசை அகற்றுதலில் அவசரம் கூடாது. முதலில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தால் அல்லது மென்மையான தும்புத்தடியால் கூட்ட வேண்டும். பின்னர் யன்னற் சட்டம், சுவரோரம் ஆகியவற்றைத் துடைக்க வேண்டும். ஈற்றில் தரையை மீண்டும் ஒருமுறை துடைக்க வேண்டும். சுவரில் மறந்துவிட்ட தூசு, மெருகு ஈரமாக இருக்கும் வேளை பார்த்துத் தரையில் இறங்கும்.

மரத்துக்கு மரம் குணமும் வேறு. தேக்கில் இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு. அது மெருகை ஒட்டவிடாமலும் உலரவிடாமலும் தடுக்கும். ஆதலால் பூசுவதற்குச் சற்று முன்னர் தகுந்த கரைதிரவத்தில் நனைத்த துணியால் தேக்கைத் துடைத்து, அத்திரவம் ஆவியாகும்வரை பொறுத்திருந்து, பின்னர் பூச வேண்டும். பலாப்பலகை தேய்த்த அன்று மஞ்சளாக ஒளிர்ந்தாலும் காலப்போக்கில் கபிலநிறமாக மாறும். மெருகு பிழைத்துவிட்டதென்று அப்போது கலங்கத் தேவையில்லை. அது மரத்தின் சுபாவம்.

பூசும் நாள்

நல்ல நாள் பார்ப்பது நம் வழக்கம். இதற்கும் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அன்று, வானத்தில். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மெருகு உலரத் தாமதிக்கும். நுவரெலியாப் பகுதியில் தை பிற்பகுதி முதல் பங்குனி வரையிலான வரண்ட காலமும், வடக்கே மாரி ஓய்ந்த பின்னரான மாதங்களும் இதற்கு வாய்ப்பானவை.

எவ்வளவு வாங்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்க. 12 அடி நீளமும் 10 அடி அகலமுமுள்ள அறை 120 சதுர அடி. அஃதாவது ஏறத்தாழ 11 சதுர மீற்றர். பொதுவாக 1 லீற்றர் மெருகு 10 முதல் 12 சதுர மீற்றர் வரை ஒரு பூச்சுக்குப் போதும். மூன்று பூச்சுக்கு 3 லீற்றர். சேதத்துக்கென இன்னும் சிறிது. சரியான அளவும் உலரும் நேரமும் பேணியின் மீது அச்சிடப்பட்டிருக்கும். அதனையே பிரமாணமாகக் கொள்ள வேண்டும்.

பேணியை ஒருபோதும் குலுக்கலாகாது. குலுக்கினால் காற்றுக் குமிழிகள் உண்டாகி, அவை தரையில் அப்படியே உறைந்துவிடும். ஒரு தட்டையான குச்சியால் அடிவரை மெதுவாகக் கலக்குவதே முறை. நீர்வகைக்குச் செயற்கை இழைத் தூரிகையும், எண்ணெய்வகைக்கு இயற்கை மயிர்த் தூரிகையும் பொருந்தும். கதவுக்கு எதிரான சுவரிலே தொடங்கி, பலகையின் நீளப் போக்கிற் பூசிக்கொண்டு, கதவை நோக்கிப் பின்வாங்கி வர வேண்டும். பூசிய ஓரம் உலருமுன் அடுத்த பட்டியை அதனுடன் இணைத்துவிட வேண்டும். இல்லையேல் இணைப்பு வடுவாகத் தெரியும்.

ஒரே பூச்சிற் கனமாக அப்பிவிட்டால் வேலை விரைவில் முடியும் என்பது பேராசை. கனமான பூச்சின் மேற்புறம் முதலில் உலர்ந்து தோலாகிவிட, உட்புறம் ஈரமாகவே சிறைப்படும். பின்னர் அது சுருக்கம் விழுந்து உரியும். மெல்லிய பூச்சுகள் மூன்று சேர்ந்தும், ஒரு கடதாசித் தாளின் கனத்தையே ஏறத்தாழ எட்டும். அந்தக் கடதாசிக் கனமே பல ஆண்டுகளுக்கு உங்கள் தரையின் கவசம்.

முதற்பூச்சு உலர்ந்ததும் தரையைத் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். மரத்தின் நுண்ணிழைகள் ஈரம் பட்டு எழுந்து நிற்பதே அதன் காரணம். 220 ஆம் இலக்க அரத்தாளால் மென்மையாகத் தேய்த்து, தூசைத் துடைத்துவிட்டு, இரண்டாம் பூச்சைப் பூச வேண்டும். நீர்வகை மெருகில் உருக்குக் கம்பளியைத் தேய்ப்பதற்குப் பயன்படுத்தலாகாது. அதன் துகள்கள் தங்கித் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகத் தோன்றும்.

ஆறப் பொறுத்தல்

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை" என்ற பழமொழி சோற்றுக்கு மாத்திரமன்றி மெருகுக்கும் பொருந்தும். தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை என்பது உலர்ந்ததற்கு அடையாளம், முற்றியதற்கு அடையாளமன்று. எண்ணெய்வகைப் பொலியூரித்தேன் பூசிய தரையில் ஒரு நாள் கழித்து மேசுடன் மெதுவாக நடக்கலாம். கட்டில், மேசை முதலியவற்றைச் சில நாள் கழித்தே கொண்டுவர வேண்டும். அவற்றை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும். பாய், கம்பளம் ஆகியவற்றை விரிப்பதற்கு இரு வாரமேனும் பொறுப்பது நல்லது. மெருகு முழு வலிமை பெற ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். நீர்வகைக்கு இக்காலம் குறைவு.

மெருகுக்குள் ஒளிந்திருக்கும் நெருப்பு

இனி, இக்கட்டுரையில் வாசகர்கள் வேறெதை மறந்தாலும் மறக்கக்கூடாத பகுதிக்கு வருவோம்.

வாரணாவதத்தில் பாண்டவர்களைக் கொல்வதற்குப் புரோசனன் எழுப்பிய மாளிகை எதனால் ஆனது? அரக்கினாலும், நெய்யினாலும், எளிதில் தீப்பற்றும் பிற பொருள்களினாலும் ஆனது என்று பாரதக்கதை கூறுகின்றது. வெளியே அழகு, உள்ளே நெருப்பு. விதுரனின் எச்சரிக்கையால் பாண்டவர் உயிர் தப்பினர். மெருகுகளின் இரசாயனத்தை நோக்கும்போது, இந்தப் பழைய கதை எத்துணை நுட்பமானது என்று வியக்கத் தோன்றுகின்றது.

ஆளிவிதை எண்ணெய் உலரும்போது ஒட்சிசனை உட்கொள்கின்றது என்று மேலே கண்டோம். அந்நிகழ்ச்சியில் வெப்பமும் பிறக்கின்றது. பரந்த தரையில் அவ்வெப்பம் காற்றிற் கலந்து போய்விடும். ஆனால் எண்ணெய் துடைத்த பழந்துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிட்டால், வெப்பம் வெளியேற வழியின்றி மடிப்புகளுக்குள்ளே திரண்டு, சில மணி நேரத்திற் தானாகவே தீப்பற்றும். தீக்குச்சியும் வேண்டாம், தீப்பொறியும் வேண்டாம்.

இது வெறும் பயமுறுத்தலன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வண் மெரிடியன் பிளாசா என்னும் 38 மாடிக் கட்டடத்தில், 1991 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆம் திகதி இரவு தீ மூண்டது. 22 ஆம் மாடியில், மரவேலைக்குப் பயன்படுத்தியபின் விடப்பட்ட ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே அத்தீயின் பிறப்பிடம். தீ மாடி மாடியாக ஏறி, 30 ஆம் மாடியில் தானியங்கி நீர்தெளிப்பான்களாற் தடுக்கப்படும்வரை எரிந்தது. தீயணைக்கும் வீரர் மூவர் உயிர் துறந்தனர். பெருங்கட்டடம் மீண்டும் பயன்படாமல், ஈற்றில் இடித்தகற்றப்பட்டது. ஒரு சில கந்தற் துணிகள் செய்த வேலை இது!

ஆதலால் எண்ணெய், எண்ணெய் வார்னிஷ், எண்ணெய்வகைப் பொலியூரித்தேன் ஆகியவற்றைத் துடைத்த துணிகளைக் குவிக்கவோ மடிக்கவோ கூடாது. வீட்டுக்கு வெளியே, ஒன்றன்மேலொன்று படாமல் விரித்து, விறைக்கும்வரை உலரவிட வேண்டும். அல்லது நீர் நிரம்பிய உலோகப் பேணியில் அமிழ்த்தி மூடிவைக்க வேண்டும். தேய்ப்பு இயந்திரத்தின் தூசுப் பையையும் அன்றன்றே வெளியிற் கொட்டிவிட வேண்டும்.

மற்றொரு ஆபத்து ஆவியினால் வருவது. அரக்கின் பெயரிலிருந்தே ஆங்கிலத்தில் லக்கர் என்னும் சொல் பிறந்தது. இன்று அப்பெயரில் விற்கப்படும் மெருகுகள் பலவற்றில் அரக்கு இல்லை; நைத்திரோசெலுலோசும் விரைவில் ஆவியாகும் கரைதிரவங்களுமே உள்ளன. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் மரத்தரைக்கு முதற்பூச்சாக இத்தகைய மெருகைப் பூசும் வழக்கம் இருந்தது. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் அங்கே நிகழ்ந்த இரு தீ விபத்துகளில், தரை மெருகூட்டும் வேலையில் ஈடுபட்டிருந்த வியட்நாமியத் தொழிலாளர் மூவர் மாண்டனர். பின்னர் அம்மாநிலம் அவ்வகை மெருகின் தொழில்முறைப் பாவனையைச் சட்டத்தால் தடை செய்தது.

அத்தகைய திரவத்தின் ஆவி, 100 பரனைட்டுப் பாகைக்கு, அஃதாவது 38 செல்சியசுப் பாகைக்குக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றக் கூடியது. நமது அறைகளின் சாதாரண வெப்பமே அதற்குப் போதும். அந்த ஆவி காற்றிலும் கனமானது; ஆகவே மேலெழும்பிப் போகாமல், தரையோடு தரையாகத் தவழ்ந்து அடுத்த அறைக்குச் செல்லும். அங்கே எரிவாயு அடுப்பு எரிகின்றதா, சுவாமி அறையில் விளக்கு எரிகின்றதா, கட்டிலின் கீழ் நுளம்புச் சுருள் புகைகின்றதா என்று அது தேடிச் செல்வது போலவே இருக்கும். மின்விளக்கின் ஆளியைத் தட்டும்போது எழும் சிறு பொறியும் போதும். கரைதிரவ வகைகளைப் பூசும் நாளில் வீட்டில் எந்தச் சுடரும் இருத்தலாகாது. கதவு யன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். குழந்தைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுதல் நன்று. சாதாரண துணி முகக்கவசம் தூசைச் சிறிது தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது என்பதையும் நினைவிற் கொள்க.

தொழிலாளிக்கு நாம் செய்ய வேண்டியது

நம் வீடுகளில் இவ்வேலையைப் பெரும்பாலும் 'பாஸ்' என்று நாம் அழைக்கும் கைவினைஞரே செய்கின்றார். மெருகு எது, விலை என்ன, எத்தனை நாளில் முடியும் என்று அவரிடம் கேட்கின்றோம். அவருடைய மூச்சுக்கும் உயிருக்கும் என்ன பாதுகாப்பு என்று கேட்பவர் எத்தனை பேர்? "நாளைக்கே முடித்துத் தாருங்கள்" என்று நாம் அவசரப்படுத்தும்போது, விரைவில் உலரும் கடுமையான திரவத்தை அவர் நாடுவதற்கு நாமே காரணமாகின்றோம். பூட்டிய அறைக்குள் அந்த ஆவியை முதலிற் சுவாசிப்பவர் அவரே.

பேணியின் மேலுள்ள எச்சரிக்கை அவர் வாசிக்கும் மொழியில் இல்லாமல் இருக்கலாம். அவ்வேளையில் வீட்டிலுள்ள மாணவரொருவர் அதனை எடுத்து, சொல்லுக்குச் சொல் வாசித்துப் பொருள் கூறலாமே! தீப்பற்றும் பொருளைக் குறிக்கும் சுடர் அடையாளம் எது, எத்தனை மணி நேரம் உலர வேண்டும், எதனால் இளக்க வேண்டும் என்பவற்றை அவருக்குச் சொல்வது, பாடப்புத்தகத்து இரசாயனத்தை வாழ்க்கைக்குப் பயன்படுத்துவதாகும். விதுரன் செய்ததும் வேளையறிந்து சொன்ன ஓர் எச்சரிக்கைதானே.

பின்னர் பேணும் முறை

முற்றிய மெருகுக்குப் பெரிய பராமரிப்பு வேண்டியதில்லை. வாசலில் ஒரு கால்மிதியை இட்டு மணலை அங்கேயே நிறுத்துக. கதிரைக் கால்களின் அடியிற் தடித்த கம்பளித் துண்டுகளை ஒட்டுக. தினமும் கூட்டி, பிழிந்த ஈரத்துணியால் துடைக்க. வாளி வாளியாக நீர் ஊற்றிக் கழுவ வேண்டா. மெழுகும் எண்ணெயும் பூச வேண்டா; அவை வழுக்கலையும், பின்னாளிற் பூசும் மெருகுக்குத் தடையையுமே தரும்.

ஆண்டுக்கொருமுறை, நடமாட்டம் மிகுந்த இடத்தில் ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். துளி மணிபோல் திரண்டு நின்றால் கவசம் நலமாயிருக்கின்றது. சிறிது நேரத்தில் மரம் அதனை உறிஞ்சிக் கருத்தால், கவசம் தேய்ந்துவிட்டது. மெருகு தேய்ந்து மரம் வெளிப்படுமுன்னரே, இலேசாகத் தேய்த்து ஒரு பூச்சு பூசிவிட்டால், மீண்டும் வெறும் மரம்வரை தேய்க்கும் செலவும் தொல்லையும் மிச்சமாகும். பலகையை ஒவ்வொரு முறை ஆழமாகத் தேய்க்கும்போதும் மரத்தின் ஒரு பகுதி தூளாகப் போய்விடுகின்றது; அது திரும்பி வராது.

நல்ல மரம் நூறாண்டுக்கும் நிலைக்கக் கூடியது. அதனை அறுத்துத் தளமிட்டவர்களை நாம் அறியோம். நமக்குப் பின் அதன்மீது நடக்கப்போகும் குழந்தைகளையும் நாம் அறியோம். இடையில் வாழும் நமது கடமை, மெல்லிய மூன்று பூச்சையும் பொறுமையாகப் பூசி, எண்ணெய்த் துணியை வெளியே விரித்து உலர்த்திவிட்டு, நிம்மதியாக உறங்கச் செல்வதேயாகும்.